ஓய்வெடுக்கத் தெரியாத குருவி: வெள்ளவத்தை ஃபிளாட்டில் ஒரு சோடி சீப்ரா ஃபின்ச்

தை மாதம் தொடங்கி ஆவணிக்குள் கையை விட்டுப் போனது 31,000 ரூபாய். சோடிக் குருவி 2,400, முதல் கூடு 6,800, அது சரிவராமல் பிறகு வாங்கிய நீளக் கூடு 12,500, ஒரே இரவில் மிருக வைத்தியருக்கும் த்ரீவீலுக்குமாக 4,300, மிச்சம் தீனி, கணவாய் ஓடு, கூடை என்று சில்லறையாக ஒரு 5,000. காசு போனால் போகட்டும். ஒரு பெட்டையும் இரண்டு குஞ்சும் செத்தன. மூன்றையும் காப்பாற்றியிருக்கலாம். சீப்ரா ஃபின்ச் லேசான குருவி, புதிதாக வளர்ப்பவர்களுக்குத் தோதானது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் லேசாக முட்டையிடும் குருவி என்பதால் வரும் வினையை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். சாம்பல் நிறக் குருவியில் ஆண், பெட்டை பார்ப்பது சுகம். ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு, தொண்டையில் மெல்லிய கறுப்பு வரிகள், நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை. பெட்டைக்கு இவை ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் இரண்டுக்கும் உண்டு. முழு வெள்ளைக் குருவி என்றால் சொண்டைத்தான் பார்க்க வேண்டும்: ஆணின் சொண்டு கடுஞ்சிவப்பு, பெட்டையினது வெளிறிய செம்மஞ்சள். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. வயது பார்க்கத்தான் தெரியவில்லை. குஞ்சின் சொண்டு கறுப்பாக இருக்கும். ஐந்தாறு கிழமையில் நிறம் மாறத் தொடங்கி இரண்டு, இரண்டரை மாதத்தில்தான் முழுக்கச் செம்மஞ்சளாகும். வாங்கின அன்று ஃபோனில் எடுத்த படத்தை, எல்லாம் முடிந்த பிறகு பெருப்பித்துப் பார்த்தேன். பெட்டையின் சொண்டடியில் கறுப்புக் கறை. மூன்று மாதம்கூட ஆகாத குருவி அது. அந்த வயதில் இவை முட்டையிடும், ஆனால் உடம்பு அதற்கு முற்றியிருக்காது. ஆறு மாதமாவது, முடிந்தால் ஒன்பது மாதம் ஆகும்வரை சோடி சேர்க்கக்கூடாது. கடைக்காரர், "தம்பி, கூடையையும் சேத்துக் கொண்டு போங்க, அடுத்த மாசமே குஞ்சு பாக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 350 ரூபாய் கொடுத்து, குருவி முட்டையிடுவதற்கான அந்தப் பிரம்புக் கூடையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாங்கும்போது கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்தில் ஆள் நின்றால் நோயான குருவியும் சுகமான குருவி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஐந்து நிமிடம் கழித்துத்தான் இறகை உப்பிக்கொண்டு குந்தும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், கிட்டப் போய்க் கேட்கும்போது 'டிக், டிக்' என்று மூச்சோடு சத்தம் வந்தால், அந்தக் கூட்டிலிருந்தே ஒன்றும் வாங்க வேண்டாம். மூச்சுக்குழாயில் உண்ணி இருக்கலாம், அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கூடு வாங்குவதில் நான் விட்ட பிழையை நிறையப் பேர் விடுகிறார்கள். குவிமாடம் வைத்த உயரமான கூடு, பார்க்க வடிவாக இருக்கும். ஃபின்ச் கிளி மாதிரி கம்பியில் ஏறித் திரியும் பறவை இல்லை. இது பக்கவாட்டில் பறப்பது. மேலே இருக்கும் இடம் முழுக்க வீண். ஒரு சோடிக்குக் குறைந்தது 60 சென்டிமீற்றர் நீளம் வேண்டும். இப்போது என்னிடம் இருப்பது 90 நீளம், 45 அகலம், 45 உயரம். கம்பி இடைவெளி 1.2 சென்டிமீற்றருக்கு மேல் இருந்தால் தலை போகும், தலை போனால் உடம்பும் போகும். குந்துகிற தடி 8 முதல் 12 மில்லிமீற்றர் மொத்தத்துக்குள், ஒரே அளவில் இல்லாமல் இருப்பது நல்லது. கடையில் வரும் ஒரே மொத்தத் தடியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கொப்பைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். நாகமுலாம் பூசிய புதுக் கம்பிக் கூடு என்றால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் குருவியை விட வேண்டும். முலாம் பொடியாக உதிர்வதைக் கொத்தித் தின்றால் துத்தநாகம் நஞ்சாகும். கடற்கரைப் பக்கத்து ஃபிளாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு, உப்புக் காற்று. முலாம் போட்டதும் ஆறு மாதத்தில் பொரிந்து வெள்ளைத் தூளாகக் கொட்டத் தொடங்கும். காசு கொஞ்சம் கூடினாலும் பெயின்ட் சுட்டு ஏற்றிய கூடு வாங்குவது அதற்காகத்தான். நான் முதலில் பல்கனியில்தான் வைத்தேன். காகமும் பூனையும் ஒரு பக்கம், மே மாதம் தென்மேல் காற்று தொடங்கினால் பல்கனி ஃபின்சுக்கு ஆகவே ஆகாது. ஹோலுக்குள், ஒரு பக்கம் சுவரோடு, நெஞ்சு உயரத்தில் வைப்பதே சரி.

தீனி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஆளில்லாத வீட்டில் குருவி சாவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு குருவிக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி சிறுதானியம் போதும். தினை, அதாவது சிங்களத்தில் தன ஹால் என்று கேட்டு வாங்குவது, பாதிக்கு மேல் இருக்கட்டும். மிச்சத்துக்குச் சாமை, பனிவரகு, கிடைத்தால் கனேரி விதை. இவை மணியை விழுங்குவதில்லை. சொண்டால் உமியைக் கழற்றி அரிசியைத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்துக்குள் போடும். இரண்டு நாளில் கிண்ணம் நிறைய உமி. தூரத்திலிருந்து பார்த்தால் தீனி நிரம்பியிருக்கிற மாதிரியே இருக்கும். உள்ளே ஒரு மணி இராது. இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் முழுப் பட்டினி தாங்காது. ஆகவே ஒவ்வொரு காலையும் கிண்ணத்தைக் கையில் எடுத்து ஊத வேண்டும், ஊதின பிறகு மிஞ்சுவதைப் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பவர்கள் 'தீனி போடுங்கோ' என்று மட்டும் சொன்னால் அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு 'நிறைய இருக்கு' என்று போய்விடுவார்கள். 'ஊதிப் பாருங்கோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் தானியம் பூஞ்சணம் பிடிக்கும், அந்தும் விழும். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். வாங்கினதை இரண்டு நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்து, இறுக மூடும் போத்தலில் போட்டால் அந்துத் தொல்லை இல்லை. மணத்திப் பார்க்கும்போது புழுங்கல் வாடை அடித்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

தானியத்தில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பது எனக்குத் தெரியாது. கணவாய் ஓடு ஒன்றைக் கம்பியில், மெத்தென்ற பக்கம் உள்ளே பார்க்கும்படி எப்போதும் கட்டி வைத்திருக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. மீன் வாங்கும் இடத்தில் கணவாய் வெட்டும்போது கேட்டால் சும்மா தருவார்கள். நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, வெயிலில் காயவைத்தால் சரி. அவித்த கோழி முட்டையின் கோதை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி இடித்துக் கொடுத்தாலும் அதே வேலை நடக்கும். ஆனால் தின்கிற சுண்ணாம்பு உடம்பில் சேர விட்டமின் டி வேண்டும், அதற்குக் காலை வெயில் வேண்டும். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் வரும், ஆனால் அதற்குத் தேவையான புற ஊதாக்கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். ஏழு மணி வெயிலில் கால் மணித்தியாலம், கூட்டின் பாதியில் நிழல் விழும்படி, யன்னலைத் திறந்து வைக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. தானியம், தண்ணீர், அவ்வளவுதான்.

இனி அந்தக் கூடை. இந்தக் குருவியின் ஊர் ஆஸ்திரேலியாவின் வரண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பிடித்தால் உடனே சோடியாகிக் குஞ்சு பொரிக்கும், புல் காய்ந்தால் நிறுத்தும். மழையும் விதையும் இருந்தால் முட்டையிடு என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருப்பது. அதைக் கொண்டுவந்து வெள்ளவத்தையில் வையுங்கள். காற்றில் எப்போதும் ஈரம், கிண்ணத்தில் எப்போதும் விதை, வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணித்தியாலப் பகல், அதற்கு மேலே ஹோல் லைட் இரவு பதினொரு மணிவரை. அதன் கணக்கில் இது முடியவே முடியாத மழைக்காலம். அங்கே வரட்சி செய்கிற வேலையை இங்கே வளர்ப்பவர்தான் செய்ய வேண்டும். அந்த வேலையை நான் செய்யாததால்தான் பெட்டை செத்தது.

பெப்ரவரி 10ஆம் திகதி முதல் முட்டை. விடியக் காலையில், ஒரு நாளைக்கு ஒன்றாக நாலு முட்டை. நான் சந்தோஷத்தில் தேங்காய்த் தும்பை இன்னும் இன்னும் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண் அதை எடுத்து எடுத்து முட்டைக்கு மேலேயே அடுக்கியது. சாமான் கிடைக்கிறவரை கட்டிக்கொண்டே இருப்பது இவற்றின் குணம். முட்டை புதைந்துவிடும், பெட்டை புதுத் தளத்தில் மறுபடி இடும். என்னுடையது அதற்கு மேலே இன்னும் மூன்று இட்டது. மார்ச் 20 அளவில் கூடையைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு தட்டாக ஏழு முட்டை, ஒன்றிலும் உயிர் இல்லை. முதல் முட்டை விழுந்த அன்றே தும்பை நிறுத்திவிட வேண்டும், கூட்டின் அடியில் கிடப்பதையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். தும்பையும் ஐந்து முதல் எட்டு சென்டிமீற்றராக வெட்டிப் போடுங்கள். நீளமான நார், நூல், நைலோன் இழை காலில் சுற்றி இறுகினால் விரல் கறுத்து விழுந்துவிடும்.

ஏழும் வீணானதும் கூடையைக் கழுவிக் காயவைத்துத் திருப்பி மாட்டினேன். அதுதான் அடுத்த பிழை. ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி ஐந்து முட்டை. இந்த முறை ஒழுங்காக அடைகாத்தன. பகலில் ஆணும் பெட்டையும் மாறி மாறி, இரவில் இரண்டும் உள்ளே. மூன்றாவது நாலாவது முட்டைக்குப் பிறகுதான் இறுக்கமாக அடையிருக்கும், அதிலிருந்து 12 முதல் 14 நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் ஃபோன் டோர்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு நரம்பு வலை தெரிந்தால் கரு உண்டு. அடையின் கடைசி நாட்களில் கூடைக்குள்ளிருந்து மெல்லிசாக வேகமான ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். 26 பாகைக்கு மேல் வெக்கையான நாட்களில் தாய் தகப்பன் முட்டைக்குக் குரல் கொடுக்கும் என்றும், அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சுகள் வெக்கையில் சிறிய உடம்பாக வளரும் என்றும் 2016இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்து மரியெட், புக்கானன் இருவரும் காட்டினார்கள். கொழும்பில் 26 பாகைக்குக் கீழே என்ன பகல் இருக்கிறது?

பொரிக்கிற நேரம் சித்திரைப் புத்தாண்டு. சுபநேரத்துக்கு வெடி கொளுத்துவார்கள். இருட்டில் திடுக்கிட்ட ஃபின்ச் கூடையை விட்டுப் பாய்ந்து கம்பியில் அடிபடும். இருட்டுக்குள் திரும்பிக் கூடைக்குப் போக வழி தெரியாது, முட்டை ஆறிவிடும். கரையோர ரயில் சத்தத்துக்கு இரண்டு கிழமையில் பழகிவிட்டன. வெடிக்குப் பழகாது. கூட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி மங்கலான ஒரு இரவு பல்ப் எரியட்டும். இது ஒன்றைத்தான் தற்செயலாகச் சரியாகச் செய்திருந்தேன். ஐந்தில் மூன்று பொரித்தன.

ஆறாம் நாள் காலையில் இரண்டு குஞ்சு சிவப்பு எறும்பால் மூடப்பட்டுக் கிடந்தன. இராத்திரி வந்திருக்கிறது. தாய் தகப்பனால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது. முதல் நாள் கொடுத்த முட்டைக் கூழ் தட்டில் மிச்சம் இருந்தது, அதற்குத்தான் எறும்பு வந்தது. அவித்த முட்டை, முளைத் தானியம் எதையும் நம்முடைய வெக்கையில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். புளித்தாலும் சாவு, எறும்பு வந்தாலும் சாவு. கூட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டாமல் கால் உள்ள ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிக்குள் நிறுத்துவதுதான் பழைய வழி. கொழும்பில் அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து புழு கண்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கு. தண்ணீருக்கு மேல் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, கிழமைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். அல்லது தண்ணீரே வேண்டாம், காலில் நாலு விரல் அகலத்துக்கு வாஸ்லின் பூசி மூன்று நாளுக்கொரு தடவை புதுப்பியுங்கள். எறும்புச் சோக்கும் ஸ்பிரேயும் கூட்டுப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. நுளம்புத்திரியும் அப்படித்தான். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து வேலை செய்வதால் ஒரே மூச்சில் அது உறிஞ்சும் நஞ்சு உடம்பின் அளவுக்கு மிக அதிகம். தெருவில் டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் யன்னலைச் சாத்திக் கூட்டை உள்ளறைக்குக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் இதில் அடக்கம், அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது. குசினியில் நொன்ஸ்டிக் சட்டியை வெறுமையாக அடுப்பில் மறந்துவிட்டால் அதன் பூச்சிலிருந்து எழும் ஆவி, மனிதருக்கு மணக்க முன்னரே குருவியைக் கொன்றுவிடும்.

மிஞ்சின ஒரு குஞ்சு மே முதல் கிழமை கூடையை விட்டு வெளியே வந்தது. அது வெளிக்கிட்ட சில நாளிலேயே பெட்டை மறுபடி முட்டை. மே 10 ஒன்று, 11 ஒன்று. 12ஆம் திகதி வெசாக், பௌத்தர்களின் பூரணைத் திருநாள். காலை ஏழு மணிக்குப் பார்க்கும்போது பெட்டை இறகை உப்பிக்கொண்டு கூட்டின் மூலையில் நின்றது. மழைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். பின்னேரம் நாலு மணிக்கு அடித்தட்டில் குந்தியிருந்தது, கால் அகன்று, கண் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் ஆடிக்கொண்டு. கையில் எடுத்தால் பின்பக்கம் உருண்டை மாதிரி வீங்கியிருந்தது. முட்டை அடைபட்டிருக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். அன்று பூரணை விடுமுறை. ஐந்து இடத்துக்கு ஃபோன் அடித்தேன். இரண்டு எடுக்கவில்லை, இரண்டு நாய் பூனை மட்டும் என்றார்கள், தெகிவளைப் பக்கம் ஒருவர் வரச் சொன்னார். தோரணமும் வெசாக் விளக்குக் கூடும் பார்க்க ஊரே காலி வீதியில் நின்றது. சாதாரண நாளில் கால் மணித்தியால ஓட்டம், அன்று ஒன்றே கால் மணித்தியாலம். திறந்த த்ரீவீலில், காற்றில், ஒரு கடதாசிப் பெட்டிக்குள் அந்தக் குருவி. வைத்தியர் நல்ல மனிதர். பறவை தனக்குப் பழக்கமில்லை என்று முதலே சொல்லிவிட்டு, வாயில் ஒரு துளி கால்சியம் விட்டு, "தம்பி, கொண்டுபோய் நல்லாச் சூடு குடுங்கோ, அமத்திப்போடாதீங்கோ" என்றார். வீடு வர ஒன்பதரை. சூடு கொடுக்கத் தொடங்கியது பத்து மணிக்கு. விடியப்புறம் இரண்டரைக்கு முடிந்துவிட்டது. நாலு மணிக்கு நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைப் பத்து மணிக்குச் செய்தேன். ஒரு முட்டை ஏறக்குறைய 1 கிராம், இந்தக் குருவி 12 கிராம். மூன்று மாதத்தில் 14 முட்டை இட்டு, பதினைந்தாவது உள்ளே நின்றது. தன் உடம்பு நிறைக்கு மேலேயே முட்டையாகக் கொடுத்துவிட்டது, கணவாய் ஓட்டில் ஒரு கொத்துக்கூடக் கிடைக்காமல்.

சூடு கொடுக்கும் பெட்டியை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், குருவி வாங்குகிற அன்றே செய்து வையுங்கள். சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு அட்டைப் பெட்டி, பக்கங்களில் பென்சில் மொத்தத்தில் பத்துத் துளை. அடியில் மடித்த துவாய். ஒரு ஓரத்துக்கு மேலே, பெட்டிக்கு வெளியே, 40 வாற் பழைய இழை பல்ப். எல்ஈடி பல்ப் சூடு தராது, அதனால் இழை பல்ப் ஒன்றைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். பல்ப் அட்டையில் முட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும், நீங்களும் பக்கத்தை விட்டு எழும்ப வேண்டாம். உள்ளே வெப்பமானி 30 முதல் 32 பாகை காட்ட வேண்டும். மற்ற ஓரம் சூடு குறைவாக இருந்தால் குருவி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. சின்ன மூடி ஒன்றில் ஈரத் துணி வைத்தால் காற்று ஈரமாகும், தசை இளகும். மின்சாரம் போனால் போத்தலில் சுடுநீர் ஊற்றித் துவாயில் சுற்றி வையுங்கள். பறவைகளுக்கான கால்சியத் திராவகம் ஒரு போத்தல் வாங்கி வைத்திருந்தால் ஒரு துளியைச் சொண்டின் ஓரத்தில் வையுங்கள், தானாக உறிஞ்சட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். பின்துவாரத்தில் ஒரு துளி எண்ணெய் தடவலாம். வயிற்றை அமத்தி முட்டையைத் தள்ளப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோது கிழித்துவிடும். சூட்டில் வைத்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இடாவிட்டால்தான் வைத்தியரிடம் ஓட வேண்டும், அப்போதும் அந்தச் சூட்டுப் பெட்டியோடு. உங்கள் பக்கத்தில் பறவை பார்க்கும் மிருக வைத்தியர் யார், போயா (பூரணை விடுமுறை) நாளில் ஃபோன் எடுப்பாரா என்பதையும் சுகமான நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள். நாட்டிலிருக்கும் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில். இரவு பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து அது உதவாது.

முட்டையிடுவதை நிறுத்துவது எப்படி என்பதற்கு வருகிறேன். முட்டையை எடுத்து எறிந்தால் நிற்கும் என்று நினைப்பது வழக்கம். நடப்பது தலைகீழ், எடுத்தால் நாலைந்து நாளில் அடுத்த தொகுதி தொடங்கும். இட்ட முட்டையை அவித்து ஆறவைத்தோ பிளாஸ்டிக் முட்டையை மாற்றியோ கூடையிலேயே விடுங்கள். இரண்டு மூன்று கிழமை அடையிருந்து தாமாக அலுத்து எழும்பும். எழும்பின அன்றே கூடை, தும்பு, கடதாசித் துண்டு, எல்லாவற்றையும் அகற்றுங்கள். அகலக் கிண்ணம் இருந்தால் தீனிக் கிண்ணத்துக்குள்ளேயே இடும், அதனால் வாய் ஒடுங்கிய தீனிக் குழாய்க்கு மாற்றுங்கள். முட்டைக் கூழும் முளைத் தானியமும் மூன்று மாதத்துக்கு நிறுத்தம். தானியம், கொஞ்சம் கங்குன் அல்லது வல்லாரை, கணவாய் ஓடு போதும். பின்னேரம் ஐந்தரைக்குத் துணி போட்டு மூடி விடிய ஏழுக்குத் திறந்தால் பகல் பத்தரை மணித்தியாலமாகக் குறையும், ஹோல் லைட்டும் உள்ளே போகாது. இவ்வளவும் செய்தும் தரையில் இட்டால் ஆணையும் பெட்டையையும் வேறு வேறு கூட்டில், ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் பிரியுங்கள். தனியாக வைத்தால் ஏங்கும், கூட்டமாக வாழும் குருவி. வருடத்துக்கு இரண்டு முறை குஞ்சு, அதற்கு மேல் வேண்டாம். குஞ்சே வேண்டாம் என்பவர்கள் இரண்டு ஆண் குருவி வாங்குங்கள். பாடுவது ஆண்தான், பெட்டை பாடாது. பெட்டை ஒன்றும் இல்லாத இடத்தில் இரண்டு ஆணும் பெரும்பாலும் ஒற்றுமையாக இருக்கும்.

தாய் செத்த அன்று குஞ்சுக்கு 25 நாள். 35 நாள்வரை ஊட்ட வேண்டும். கைத்தீனி கலக்கிக்கொண்டு நின்றேன், தேவைப்படவில்லை. தகப்பன் ஒரு நேரமும் தவறாமல் ஊட்டியது. ஆறு கிழமையில் பிரித்தேன். இரண்டாம் மாதம் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு வைத்தது, ஆண். இவை பாட்டைத் தகப்பனிடம் கேட்டுத்தான் படிக்கும், மூன்று மாதம் அளவில் பாட்டு அப்படியே நிலைத்துவிடும். அதற்காகப் பக்கத்துப் பக்கத்தில்தான் இரண்டு கூட்டையும் வைத்திருந்தேன்.

ஆடியில் வேறு ஒருவரிடம் எட்டு மாதப் பெட்டை ஒன்று வாங்கினேன், இந்த முறை சொண்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்து. முதல் 30 நாள், நோய் ஏதும் இருந்தால் தொற்றாதபடி, பழைய குருவிகளிடமிருந்து தள்ளி வேறு அறையில் வைத்தேன். இப்போது 90 சென்டிமீற்றர்க் கூட்டில் தகப்பனோடு இருக்கிறது. கணவாய் ஓட்டில் அரைவாசி முடிந்துவிட்டது. பிரம்புக் கூடை அலுமாரிக்கு மேலே ஒரு பொலித்தீன் பைக்குள். கார்த்திகைக்கு முதல் இறக்குவதாக இல்லை. ஆண் தும்பு தேடிக் கடதாசி விளிம்பைக் கிழித்துக்கொண்டு திரிகிறது. ஒவ்வொரு பின்னேரமும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் ஐந்தரைக்குத் துணியைப் போடுகிறேன்.